காணாக்கடி: கண்ணுக்குத் தெரியாமல் கடிப்பது யார்?

ரொறன்ரோவில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர், உடலெங்கும் தடித்துத் தடித்து எழும்பும் நோயினால் எட்டு மாதங்களாக அவதிப்படுவதாக எழுதியிருந்தார். மாலையில் எழும்பும் தடிப்புகள் காலையில் அடையாளமே இல்லாமல் மறைந்துவிடுகின்றனவாம். அங்குள்ள வைத்தியர் கொடுத்த குளிசையை நிறுத்தினால் மறுநாளே திரும்பி வந்துவிடுகின்றனவாம். "நீர் ஊரிலே இருக்கிறீர். பழைய நூல்களையும் புரட்டுகிறவர். இதற்கு எங்கள் ஆயுர்வேதத்திலோ சித்த வைத்தியத்திலோ ஏதாவது சொல்லியிருக்கிறதா?" என்பது அவரது கேள்வி.

நான் வைத்தியன் அல்லன். செய்தி எழுதிப் பிழைத்தவன். ஆயினும் இந்த நோய் என்னிடமும் மூன்று ஆண்டுகள் குடியிருந்து சென்றது. அந்த உறவின் காரணமாக இதன் வரலாற்றை அவ்வப்போது தேடிப் படித்திருக்கிறேன். நண்பருக்கு எழுதத் தொடங்கிய மறுமொழி நீண்டுவிட்டதனால், இதே கேள்வியை வைத்திருக்கக்கூடிய ஏனையோருக்காகவும் இங்கே பதிகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் இதற்குக் காணாக்கடி என்று பெயர். ஏதோ ஒரு பூச்சி கடித்தது போலத் தடித்திருக்கிறது. ஆனால் கடித்ததைக் கண்டவர் எவருமில்லை. ஆங்கில வைத்தியர்கள் இதனை 'ஊர்ட்டிக்கேரியா' என்கிறார்கள். லத்தீனில் 'ஊர்ட்டிக்கா' என்பது தொட்டால் சுணைக்கும் செடி. எங்கள் ஊர் வேலிகளில் படர்ந்திருக்கும் காஞ்சோண்டியின் குணம் அதற்கும் உண்டு. 1769ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்து வைத்தியரான வில்லியம் கலன் நோய்களை வகைப்படுத்தி எழுதிய நூலில் இந்தப் பெயரை நிலைநிறுத்தினார். அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வடமொழியில் நோய்க்குறிகளைத் தொகுத்த மாதவர், இதனைக் குளவி கொட்டியது போன்ற வீக்கம் என்று வர்ணித்திருந்தார். சீன வைத்தியம் இதனைக் காற்றோடு தொடர்புபடுத்தி, ஒளிந்திருந்து எழும்பும் தடிப்பு என்ற பொருளில் பெயரிட்டது. ஒருவரை ஒருவர் அறியாத நான்கு நாட்டு மனிதர்கள் செடியென்றும் குளவியென்றும் காற்றென்றும் காணாத பூச்சியென்றும் வெளியிலிருந்து வந்த ஒன்றன் மேலேயே குற்றஞ் சாட்டியிருக்கிறார்கள். உடலுக்குள்ளேயே தேட வேண்டும் என்று தோன்றுவதற்கு மிக நீண்ட காலம் எடுத்தது.

ஆயுர்வேத நூல்களில் இந்நோய் படிப்படியாக உருவம் பெறுவதைக் காணலாம். சரக சம்ஹிதையில் இதற்கெனத் தனி அத்தியாயம் கிடையாது. ஆனால் பத்துப் பத்தாக மூலிகைகளைத் தொகுத்துக் கூறும் ஐம்பது தொகுதிகளில் ஒன்று, 'உதர்த்தம்' எனப்படும் தடிப்பைத் தணிப்பவற்றுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. இலந்தை, கருங்காலி, ஏழிலைப்பாலை, மருது, வேங்கை ஆகியன அதில் அடங்கும். பெரும்பாலும் துவர்ப்புச் சுவையுள்ள மரப்பட்டைகள். பிற்பாடு, கி.பி. 8ஆம் நூற்றாண்டளவில் வந்த மாதவ நிதானத்தில்தான் சீதபித்தம், உதர்த்தம், கோடம் என்ற தலைப்பில் தனி அத்தியாயம் கிடைக்கிறது. குளிர்ந்த காற்றுப் படுவதால் வாதமும் கபமும் சீற்றமடைந்து, பித்தத்தோடு சேர்ந்து, தோலிலும் உள்ளேயும் பரவுகின்றன என்பது மாதவரின் விளக்கம். விளக்கத்தை ஏற்பதும் விடுவதும் ஒருபுறம் இருக்கட்டும். குளிர் பட்டால் தடிக்கும் ஒரு வகை உண்டு என்பதை நவீன வைத்தியமும் ஒப்புக்கொள்கிறது. ஐஸ் கட்டி ஒன்றைக் கையில் சில நிமிடங்கள் வைத்து எடுத்துச் சோதிக்கிறார்கள்.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. ஒரு முறை வந்து போவதற்குக் கோடம் என்றும், திரும்பத் திரும்ப வருவதற்கு உத்கோடம் என்றும் அந்த மரபு இரண்டு பெயர்கள் வைத்திருந்தது. இன்றைய தோல்நோய் வைத்தியர்களும் இதையே செய்கிறார்கள். ஆறு வாரங்களுக்குள் அடங்கிவிட்டால் குறுகிய கால நோய். அதைத் தாண்டினால் நாட்பட்ட நோய். இந்தப் பிரிவின் முக்கியத்துவத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மருந்துகளுக்கு வருவோம். இஞ்சிச் சாற்றில் பழைய வெல்லத்தைக் கரைத்துக் குடிப்பது மிக எளிய பரிகாரம். எண்ணெய் பூசி வெந்நீர் ஒற்றுதல், வேம்பும் பேய்ப்புடலும் சேர்ந்த கசாயத்தால் வாந்தி எடுப்பித்தல், திரிபலாவும் குங்கிலியமும் திப்பிலியும் கொடுத்துப் பேதியாக்குதல் என்பன அடுத்த படிகள். இவற்றுக்கெல்லாம் மேலாக இன்றும் ஆயுர்வேத வைத்தியர்கள் எழுதிக்கொடுப்பது ஹரித்ரா கண்டம். கோவிந்ததாசர் தொகுத்த பைஷஜ்ய ரத்னாவளியில் இதன் செய்முறை உள்ளது. மஞ்சளை நெய்யிலும் பாலிலும் சர்க்கரையிலும் பாகம் செய்து, திரிகடுகம், திரிபலா, ஏலம், கறுவா, வாய்விடங்கம், கோரைக்கிழங்கு, சிவதை வேர், அயச் செந்தூரம் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். சிவதை பேதிக்கானது. அயச் செந்தூரம் இரும்பு. சமையலறை மஞ்சள்தானே என்று கரண்டி கரண்டியாக அள்ளிச் சாப்பிடக்கூடிய பண்டம் அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மஞ்சள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இலங்கை அரசு 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை விதித்தது. 2020இல் கொழும்புக் கடைகளில் அதன் விலை பல மடங்காகியது. இராமேசுவரக் கரையிலிருந்து மன்னார்க் கரைக்குப் படகில் மஞ்சள் மூட்டைகள் கடத்தப்பட்டன. கடற்படையினர் பிடித்த மூட்டைகளின் படங்கள், ஒரு காலத்தில் தங்கக் கடத்தல் படங்கள் வந்த இடத்தில் பத்திரிகைகளில் வெளியாயின. மஞ்சளில் மாவையும் சாயத்தையும் கலந்து விற்ற செய்திகளும் அக்காலத்தில் வந்தன. அந்த மஞ்சளில் ஹரித்ரா கண்டம் செய்திருந்தால் எப்படியிருந்திருக்குமோ!

நண்பர் ஆயுர்வேதமா சித்தமா என்று கேட்டிருந்தார். இலங்கைச் சட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சித்தத்தையும் யுனானியையும் தேசிய சிகிச்சையையும் ஆயுர்வேதம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது. 1929இல் கொழும்பு பொரளையில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியிலும் மூன்று முறைகளும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவத்துக்கான அலகு 1984இல்தான் வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து மரபு அதைவிட எவ்வளவோ பழையது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஏடுகளாக வழங்கி வந்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல பாகங்களாக அச்சிட்டுக் காப்பாற்றினார். அச்சேறாதவை எத்தனையோ. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. பரியாரிமார் வீடுகளில் பெட்டிகளில் கிடந்தவற்றில் பல, 1995இன் இடப்பெயர்விலும் அதன் பின்னரும் அழிந்தன. ஆகவே எங்கள் வைத்தியம் தடிப்புக்கு என்ன சொன்னது என்று கேட்பவருக்கு, எஞ்சியவற்றிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

இந்த வரலாற்றில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனையும் மறக்கலாகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயிலிருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் படித்தவர்களில் பலர் இரு முறைகளுக்கும் இடையில் வாழ்ந்தவர்கள். இன்று எங்கள் மாணவர்கள் 'ஒவ்வாமை' என்ற சொல்லை ஆங்கிலத்தில் மட்டுமே கேட்டு வைத்தியராகிறார்கள் என்பதை நினைத்தால், அந்த மனிதரின் துணிவு புலப்படும்.

'அலர்ஜி' என்ற சொல்கூட மிகப் பழையதன்று. 1906இல் வியன்னாவின் கிளெமென்ஸ் வொன் பிர்கே உருவாக்கியது. 1910இல் இலண்டனில் ஹென்றி டேலும் அவரது சகாக்களும் ஹிஸ்டமின் என்ற பொருளை ஆராய்ந்தார்கள். 1927இல் தோமஸ் லூயிஸ், தோலைக் கீறினால் சிவந்து தடிப்பது ஏன் என்பதை விளக்கி, ஹிஸ்டமின் போன்ற ஒரு பொருள் தோலுக்குள்ளிருந்தே வெளிப்படுகிறது என்றார். இதற்கு நடுவில், 1921இல், அன்று ஜேர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள பிரெஸ்லோ நகரில் இரண்டு வைத்தியர்கள் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள். கியூஸ்ட்னர் என்பவருக்கு மீன் ஒவ்வாது. அவரது இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தம் தோலினுள் ஏற்றிக்கொண்ட பிரவுஸ்னிட்ஸ், மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். மீனைச் சாதாரணமாக உண்ணக்கூடிய அவரது தோல் அங்கே மட்டும் தடித்தது. நோயை உண்டாக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தில் பயணம் செய்கிறது என்பது அன்று தெரிந்தது. அது ஐ.ஜி.ஈ. என்னும் பிறபொருளெதிரி என்று அடையாளம் காண 1960களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் மீனோ இறாலோ சாப்பிடாமலும் மாதக்கணக்கில் தடிப்பு வருபவருக்கு இந்த விளக்கம் போதவில்லை. 1986இல் இங்கிலாந்தில் நாட்பட்ட நோயாளர் சிலரின் சீரத்தை எடுத்து அவர்களது தோலிலேயே திரும்பவும் ஏற்றிப் பார்த்தார்கள். பலருக்கு அந்த இடம் தடித்தது. 1993இல் ஹிடே, கிறீவ்ஸ் முதலானோர் காரணத்தைக் கண்டறிந்தார்கள். இவர்களின் உடல், தன் சொந்தத் தோலிலுள்ள கலங்களையே தாக்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கியிருந்தது. நாட்பட்ட காணாக்கடிக்காரர் எல்லோருக்கும் இதுவே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கணிசமானோருக்குக் கடித்துக்கொண்டிருந்தது அவர்களது உடலேதான்.

மருந்துப் பக்கத்தில், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் பொவே 1937இல் ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் பொருளைக் கண்டார். அது நச்சுத்தன்மை உடையதாக இருந்ததால் மனிதருக்குப் பயன்படவில்லை. 1942இல் பயன்படக்கூடியது வந்தது. பொவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் கிடக்கும் பிரிற்றோன் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. கடியும் நிற்கும், விழிப்பும் நிற்கும். இராக்கடமையில் தலைப்புப் போடும் உதவி ஆசிரியர் ஒருவர் அதை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தால் மறுநாள் பத்திரிகை என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நித்திரை குறைந்த மருந்துகள் 1980களில் வந்தன. 2014இல் ஒமலிசுமாப் என்னும் ஊசி மருந்து இந்நோய்க்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. குளிசைகளுக்கு அடங்காத பலருக்கு அது பயன் தருகிறது. விலைதான் எங்கள் நாட்டுச் சம்பளக்காரர் நினைத்துப் பார்க்க முடியாதது.

இப்போது முன்னர் விட்ட இடத்துக்கு வருகிறேன். சித்த வைத்தியத்தில் மருந்துக்கும் பத்தியத்துக்கும் வழக்கமான கணக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள். ஆறு வாரம் என்பது 42 நாட்கள். புதிதாகக் காணாக்கடி வந்த ஒருவர் பரியாரியிடம் சென்று ஒரு மண்டலம் மருந்துண்டால், பெரும்பாலும் குணமாகிவிடுவார். மருந்தே உண்ணாவிட்டாலும் பெரும்பாலும் குணமாகிவிடுவார். நாட்பட்ட நோயும் பலருக்குச் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ, சிலருக்கு ஐந்தாண்டு கடந்தோ தானாகவே விட்டுப்போகிறது. ஆகவே, எவர் கடைசியாகக் கொடுத்த மருந்தோ அதற்கே புகழ் போய்ச் சேர்கிறது. ஆயுர்வேதப் பொடிக்கும் இது பொருந்தும். கோவில் நேர்த்திக்கும் பொருந்தும். பத்தாவதாகப் பார்த்த விசேட வைத்திய நிபுணருக்கும் பொருந்தும். ஹரித்ரா கண்டத்தைப் பற்றிச் சிறிய ஆய்வுகள் சில வந்திருக்கின்றன. பெருந்தொகையினரிடம் முறையாகச் சோதித்து நிறுவப்பட்ட மருந்து என்று அதனைச் சொல்ல முடியாது. எங்கள் பழமையின் மீது எனக்கிருக்கும் பற்று இந்தக் கணக்கை மாற்றாது.

அப்படியானால் மரபில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லையா? உண்டு. பத்தியம். ஊரிலே 'கிரந்தி' என்று ஒரு சொல் வழங்குகிறது. கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய், அன்னாசி, சூரை மீன் இவற்றையெல்லாம் கிரந்திச் சாமான் என்று என் தாயார் ஒதுக்கிவைப்பார். படித்த நாங்கள் சிரித்தோம். ஆனால் சூரை முதலிய மீன்களைப் பிடித்தவுடன் குளிரில் வைக்காவிட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமினே உண்டாகிறது; எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில், வெயிலில் கிடந்து வீடு வந்த சூரையைத் தடிப்புக்காரருக்குக் கொடுக்காதே என்று சொன்னவர் ஹிஸ்டமினை அறியாமலே அதைத் தடுத்திருக்கிறார். பத்தியத்தின் மீதான நம்பிக்கை இந்நாட்டில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வெலிகமவில் பாறையில் செதுக்கிய உருவமொன்று சான்று. தொல்லியலாளர் அதைப் போதிசத்துவர் சிலை என்பார்கள். மக்களோ குஷ்டராஜா என்கிறார்கள். தோல்நோய் கண்ட அரசன் ஒருவன் மூன்று மாதம் தேங்காயை மட்டும் உண்டு குணமடைந்தானாம்.

எனக்கு நோய் வந்த காலத்தில் கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் ஐந்து நிமிடம் பார்த்து, ஒரு நீளமான இரத்தப் பரிசோதனைப் பட்டியலை எழுதித் தந்தார்கள். பட்டியலில் பாதிக்கு மேல் தேவையற்றவை என்று பின்னர் வேறொரு தோல்நோய் வைத்தியர் சொன்னார். அவரே எனக்கு நித்திரை தராத குளிசையை ஒழுங்காகத் தினமும் போடும்படி கூறினார். அதோடு ஊருக்குப் போனபோது வயதான பரியாரியார் ஒருவரையும் கண்டேன். அவர் நாடி பார்த்துவிட்டு மருந்து தரவில்லை. ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். "தம்பி, என்ன தின்கிறீர், எப்ப நித்திரை, என்ன குளிசை போடுகிறீர், எந்த இடத்தில தடிக்குது, எல்லாத்தையும் ஒரு மண்டலத்துக்கு எழுதும். பிறகு வாரும்" என்றார். எழுதுவது என் தொழில் என்பதால் குறைவில்லாமல் எழுதினேன்.

அந்தக் கொப்பி சொன்னது இதுதான். இறாலுக்கும் என் தடிப்புக்கும் சம்பந்தமில்லை. கத்தரிக்காய்க்கும் இல்லை. இடுப்புப் பட்டி இறுகும் இடத்தில் தடிக்கிறது. தலையிடிக்கு அஸ்பிரின் போட்ட நாட்களில் அதிகமாகத் தடிக்கிறது. பதிப்பு முடித்து விடியற்காலை வீடு வந்து கொதிநீரில் குளித்த நாட்களில் உடம்பெல்லாம் பற்றுகிறது. தொடர்ந்து மூன்று இரவு நித்திரையில்லாவிட்டால் நான்காம் நாள் நிச்சயம். அஸ்பிரினும் அதன் இனத்து வலி மருந்துகளும் நாட்பட்ட காணாக்கடிக்காரர் பலருக்கு நோயைக் கிளறிவிடும் என்பது வைத்திய நூல்களில் உள்ள செய்தி. தோல்நோய் வைத்தியரிடம் கேட்டு அதை மாற்றினேன். பட்டியைத் தளர்த்தினேன். இளஞ்சூட்டு நீரில் குளித்தேன். இராக்கடமையை வாரத்தில் இரண்டாகக் குறைத்துக்கொண்டேன். குளிசையையும் விடவில்லை. தடிப்பு குறைந்தது, முற்றாக விட்டது மூன்றாம் ஆண்டில். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எந்தக் கொப்பியாலும் முடியாது. ஆனால் முகம் வீங்கிய நிலையில் செய்தியாளர் மாநாட்டில் கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் அவமானம் முதலாண்டோடு முடிந்தது.

நண்பருக்கு இரண்டு எச்சரிக்கைகள். நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சுத் திணறினால் இஞ்சிச் சாறும் வேண்டாம், பரியாரியும் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றது, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ எங்கள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களைப் பற்றியது. 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்ததாக அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகை வெளியிட்டது. செந்தூரங்களும் பற்பங்களும் கைதேர்ந்தவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியவை என்று எங்கள் பழைய நூல்களே விதித்திருக்கின்றன. மூலிகை மருந்து எடுப்பதாயின் பதிவு பெற்ற ஒருவரிடம் எடுத்து, அதன் பெயரை அங்குள்ள வைத்தியருக்கும் எழுதிக் காட்டும்படி சொல்லியிருக்கிறேன். கொப்பி ஒன்று வாங்கும்படியும் சொல்லியிருக்கிறேன். கனடாவில் கைத்தொலைபேசியிலேயே எழுதலாம் என்று பதில் வந்திருக்கிறது.